கிரேட் ஸ்லேவ் ஏரி: கேள்வி பதில்

கேள்வி: சார், கனடா வரைபடத்தில் ஒரே ஏரியாகத்தான் தெரிகிறது. கிழக்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் அவ்வளவு வேறா?

பதில்: ஆமாம், ரொம்பவே வேறு. கிழக்குக் கிளை முழுக்கப் பழம்பாறை, தண்ணீர் தெளிவு. அங்குள்ள கிறிஸ்டி வளைகுடாவின் ஆழம் 614 மீட்டர். வட அமெரிக்காவில் இதைவிட ஆழமான ஏரி கிடையாது. மேற்குப் பரப்பு அகலமானது, ஆழம் குறைவு. தெற்கிலிருந்து ஸ்லேவ் ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மேற்கு முனையில் மெக்கென்சி ஆறு புறப்படுகிறது. வெண்மீன் அதிகம் கிடைப்பது மேற்கில்தான்.

கேள்வி: உறைந்த ஏரிக்கு அடியில் வலையை எப்படி விரிக்கிறார்கள்?

பதில்: 'ஜிக்கர்' என்ற பலகையை வைத்துத்தான். நடுவில் நீளத் துளையுள்ள மிதக்கும் பலகை. அந்தத் துளையில் ஓர் இரும்புக் கை. முதல் குழியில் பலகையை இறக்கிப் பனிக்கட்டிக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். கயிற்றைச் சுண்டி இழுத்தால் இரும்புக் கை மேலே இருக்கும் பனிக்கட்டியைக் குத்தி உந்தும், பலகை முன்னே நகரும். தளர்த்தி மறுபடி இழுக்க வேண்டும். மேலே இன்னொருவர் 'டக் டக்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடப்பார். வலை நீளத்துக்குப் போனதும் சத்தம் வரும் இடத்தில் இரண்டாவது குழி வெட்டிப் பலகையை எடுத்துவிட்டு, கயிற்றின் மறுமுனையில் வலையைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். வலையின் மிதவைகள் மேலே பனிக்கட்டியை ஒட்டி நின்றால், பனிக்கட்டி தடிக்கத் தடிக்க வலையும் சேர்ந்து உறைந்துவிடும். பிறகு கிழித்துத்தான் எடுக்க முடியும். அதனால் இரு முனையிலும் எடை கட்டி வலையை நன்றாகக் கீழே இறக்குங்கள். அடுத்தது, மைனஸ் 30 டிகிரியில் வெளியே எடுத்த வலை நொடியில் விறைத்துவிடும். அடுப்பு எரியும் சின்னக் குடிலுக்குள் வைத்து மீனைக் கழற்றுவது அதற்காகத்தான். குழி இருக்கும் இடத்தில் அடையாளக் கம்பு நடாமல் கிளம்பவே கூடாது.

கேள்வி: யெல்லோநைஃப் நகரிலிருந்து டெட்டா ஊருக்கு உறைந்த ஏரியின் மேலேயே போகும் பனிச்சாலையில் ஏன் மெதுவாகப் போகச் சொல்கிறார்கள்? பனிக்கட்டிதான் கெட்டியாக இருக்கிறதே அண்ணா?

பதில்: கெட்டிதான் தம்பி, ஆனால் அது மிதக்கிறது. வண்டியின் பாரத்தில் பனிக்கட்டி வளையும், அடியில் தண்ணீர் அலையாக எழும்பும். வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால் வளைவு பெருகி விரிசல் விடும். கரைப்பக்கம் ஆழம் குறைவதால் அங்கே ஆபத்து கூடுதல். லாரிகள் இடைவெளி விட்டுப் போவதும் இதனால்தான். நிறத்தையும் பாருங்கள்: வெண்பனி நனைந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டிக்குத் தெளிந்த நீலப் பனிக்கட்டியின் பாதி வலுதான் என்று கணக்கு வைப்பது பாதுகாப்பு. ஆற்று முகத்துவாரங்களில் நீரோட்டம் அடியிலிருந்து அரிக்கும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: கோடையில் சின்னப் படகில் குறுக்கே கடக்கலாமா?

பதில்: வேண்டாம். மேற்கில் ஆழம் குறைவு என்பதால் காற்று எழுந்ததும் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். கரையோரமாகவே போங்கள்.

கேள்வி: நீர்மட்டம் குறைந்தால் யாருக்கு அடி?

பதில்: மெக்கென்சிக் கரை ஊர்களுக்கு. ஏரியின் தென்கரையில் இருக்கும் ஹே ரிவர் துறைமுகத்திலிருந்துதான் பார்ஜுகளில் (தட்டையான சரக்குப் படகுகளில்) எரிபொருளும் சரக்கும் போகின்றன. 2024இல் ஆற்றில் தண்ணீர் குறைந்து, மெக்கென்சிக் கரையில் இருக்கும் நார்மன் வெல்ஸ் ஊருக்குப் பார்ஜ் போக முடியவில்லை. அந்த ஊருக்குக் கோடையில் சாலையே கிடையாது. விமானம்தான், அதற்கான செலவோ பல மடங்கு.