சகாரா தூசி மலை ஏரியின் தண்ணீரை எப்படி மாற்றுகிறது?

மரமே இல்லாத மலை உச்சி ஏரியில் கரிமப் பொருள் (செடி, பாசி போன்ற உயிர்களிலிருந்து வரும் கார்பன் கலந்த பொருள்) எப்படிக் கரைந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காற்றில் வரும் தூசிக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில், சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் லா கால்டெரா ஏரி இருக்கிறது. சுற்றிலும் வெறும் பாறை. சருகோ மண்ணோ அடித்து வருவது மிகக் குறைவு. சகாராத் தூசி வந்து விழுந்தால் பனித்திட்டுகளில் காவிக் கறை படியும். அந்தத் துகள்களில் ஒட்டியிருக்கும் கரிமம் ஏரியில் கரைந்து புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிறது.

கூடவே பாஸ்பரஸும் வருகிறதே, அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். சத்துக்கு ஏங்கிக் கிடக்கும் பாசியும் பாக்டீரியாவும் அதை எடுத்துக்கொண்டு பெருகும்போது, அவையே புதிதாகக் கரிமப் பொருளைத் தண்ணீரில் விடுகின்றன. கண்ணாடி போலத் தெளிந்த ஏரி என்பதால், சிறிதளவு சேர்ந்தாலே புற ஊதாக் கதிர் இறங்கும் ஆழம் குறைந்துவிடும்.