பைபாஸ் முடிந்து ஆறு வாரம்: அப்பா யோகா செய்யலாமா?

கேள்வி: சேலத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு 61 வயது. பைபாஸ் அறுவை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. யோகா தொடங்கலாமா? விடாமல் செய்தால் மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள், உண்மையா? ஏற்காட்டில் சில மாதம் தங்கிப் பயிற்சி செய்ய அப்பா ஆசைப்படுகிறார்.

பதில்:

அவருடைய இதய மருத்துவர் சம்மதித்தால் தொடங்கலாம். ஆனால் முதலில் மூச்சுப் பயிற்சியும் உடலைத் தளர்த்துவதும் மட்டும். ஆசனங்களுக்கு இன்னும் நேரம் ஆகவில்லை. மாத்திரையைப் பற்றிச் சொன்னது உண்மையல்ல. உறவினர்கள் அன்பினால்தான் சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் அந்தப் பேச்சை அப்பாவின் காதில் விழவிடாதீர்கள்.

நானும் சேலத்தில்தான், கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சில ஆண்டுகளுக்கு முன்பு எனக்கும் பைபாஸ் நடந்தது. மருத்துவம் படித்தவள் அல்ல. பட்டுத் தெரிந்துகொண்டதையும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் சொல்கிறேன்.

அறுவைக்குப் பிறகு என்னை முடக்கிப்போட்டது வலியைவிடப் பயம்தான். மார்பில் சுருக்கென்று குத்தினால் அது எலும்பு கூடுகிற வலியா, வாயுவா, மறுபடியும் மாரடைப்பா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. குளியலறைக் கதவைத் தாழிடப் பயம். இரவில் இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் நெஞ்சுத்துடிப்பு காதில் கேட்கும். அதை எண்ணிக்கொண்டே விடிந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் என்னை நாற்காலியை விட்டு எழவே விடவில்லை. அசையாமல் இருந்தால் உடம்பில் பலம் குறையும், பலம் குறைந்தால் வாசல்வரை போய் வந்தாலே மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் பயம் இன்னும் கூடும். யோகா எனக்குச் செய்த பெரிய உதவி, இந்தச் சுழலிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்ததுதான்.

அஸ்தம்பட்டியில் ஓர் ஆசிரியையிடம் போனேன். அவர் முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கி, வரி விடாமல் படித்தார். அப்போதே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. பாயே விரிக்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, வயிற்றில் கை வைத்து, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொன்னார். எங்கேயும் அடக்கக் கூடாது. பழகப் பழக, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு அது தானாக இறங்கியது. அந்த வேகத்துக்குத் தனிப் பலன் உண்டு. ரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது அதைச் சமன்படுத்த உடலில் ஓர் அனிச்சைச் செயல் இருக்கிறது; மெதுவான மூச்சில் அது நன்றாக வேலை செய்கிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் இதை 2001ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். ஜெபமாலைப் பிரார்த்தனை சொன்னாலும் மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு வந்துவிடுவதையும் கண்டார்கள். உங்கள் அப்பாவுக்கு ஏதாவது பாராயணம் செய்யும் வழக்கம் இருந்தால், அவசரமில்லாமல் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

இனி, யோகாவால் இதய ரத்தக் குழாய் அடைப்பு கரையும், மாத்திரை வேண்டாம் என்ற விஷயம். இந்தப் பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ் 1990இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவருக்கு யோகா சொல்லிக்கொடுத்தவர் நம் கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. ஓராண்டுக்குப் பிறகு, ஆர்னிஷின் முறையைப் பின்பற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அடைப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் யோகா மட்டும் செய்யவில்லை. கொழுப்பை மிகக் கடுமையாகக் குறைத்த சைவ உணவு, புகையை அறவே விடுதல், உடற்பயிற்சி, குழுவாகக் கூடிப் பேசுதல் எல்லாம் சேர்ந்த முறை அது. ஆய்வில், பின்பற்றியவர்கள், பின்பற்றாதவர்கள் என்று இரண்டு பக்கமும் சேர்த்து 48 பேர்தான். அதை வைத்துக்கொண்டு மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்வது பெரும் அநியாயம்.

நம் நாட்டிலேயே துரைராஜ் பிரபாகரன் குழுவினர் மாரடைப்பு வந்த 3,959 பேரிடம், 24 மருத்துவமனைகளில் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு 12 வாரம் யோகாவை ஒட்டிய மறுவாழ்வுப் பயிற்சி. 2020இல் முடிவுகள் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தன. மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் வாழ்க்கைத் தரம் சற்று உயர்ந்தது, பழைய வேலைகளுக்குத் திரும்புவதில் யோகா செய்தவர்கள் முன்னே இருந்தார்கள். இதைப் படித்தபோது என் கதையை யாரோ எழுதியதுபோல இருந்தது. ரத்தக் குழாயைக் காப்பது மாத்திரையும் உணவும் நடையும். எழுந்து நடமாடும் துணிவை யோகா கொடுக்கிறது, எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை எதுவானாலும் மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட விட வேண்டாம். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பிவிடும் ஆபத்து உண்டு.

இப்போது ஆசனங்கள். அறுத்த மார்பெலும்பு நன்றாகக் கூட 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை கைகளால் உடல் பாரத்தைத் தாங்கவே கூடாது. அதனால் சூரிய நமஸ்காரமும், குப்புறப் படுத்துக் கையூன்றி எழும்பும் புஜங்காசனமும் கிடையாது. இரண்டு கைகளையும் பின்னால் இழுத்து மார்பை விரிப்பதும் கிடையாது. தலை பின்னுவதையும் தண்ணீர்க் குடத்தையும்கூட எனக்குத் தடுத்திருந்தார்கள். பைபாஸுக்காகக் காலிலிருந்து ரத்தக் குழாய் எடுத்திருந்தால், முழங்காலை மடித்து உட்காரும் வஜ்ராசனம் வேண்டாம். காயமும் வீக்கமும் ஆறட்டும். தலைகீழ் ஆசனங்கள், மூச்சை வேகமாக விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் ஆகியவற்றை, எலும்பு கூடிய பிறகும், மருத்துவரைக் கேட்காமல் அப்பா செய்ய விடாதீர்கள். குழுவாகச் செய்யும் வகுப்பில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஆண்கள் வீம்புக்குச் செய்துவிடுகிறார்கள், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூடவே போங்கள்.

சவாசனத்தில் மட்டமாகப் படுக்கச் சிரமமாக இருந்தால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொள்ளலாம், நாற்காலியிலும் செய்யலாம். எழும்போது ஒருக்களித்துப் படுத்து, சற்று உட்கார்ந்திருந்து, பிறகு நிற்கட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், சேலத்துச் சித்திரை வெயிலில் இன்னும் மோசம். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். மூச்சுப் பயிற்சியால் சரிசெய்யப் பார்க்கும் நேரமல்ல அது.

ஏற்காடு ஆசை எனக்குப் புரிகிறது, எனக்கும் அந்த மலை என்றால் உயிர். சுமார் 1,500 மீட்டர் உயரம் பொதுவாக உடல் தேறியவரைத் தொந்தரவு செய்யாது. என் கவலை வேறு. இரவில் நெஞ்சுவலி வந்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கியாக வேண்டும். அதனால் முதல் மூன்று மாதம் இங்கேயே பழகட்டும். எக்கோ, டிரெட்மில் என்ற இதயப் பரிசோதனைகளைப் பார்த்து மருத்துவர் சரி என்ற பிறகு மேலே போய்த் தங்கலாம். அப்போதும் ஏரிக்கரைப் பக்கத்துச் சமமான சாலையில், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடக்கட்டும். மேட்டுப் பாதைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை நடை வேண்டாம். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி பிரஷர் ஏறும், அதனால் வெயில் வந்த பிறகு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பினால் போதும்.