முன்-பின் வலி மதிப்பெண்ணுக்கு எந்தப் புள்ளியியல் டெஸ்ட்?

22 நோயாளிகள், மூச்சுப் பயிற்சிக்கு முன்பும் பின்பும் 0 முதல் 10 வரை வலி மதிப்பெண், இரண்டையும் தனித்தனிக் குழுவாக வைத்து டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டதில் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.11, இனி அனோவா (பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இரண்டு குழுவுக்கு அனோவாவும் அதே விடையைத்தான் தரும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது இரண்டு குழு இல்லை, அதே 22 பேரை இரண்டு முறை அளந்த கணக்கு. ஒருவருக்கு 8 என்பது 6 ஆகிறது, இன்னொருவருக்கு 4 என்பது 2 ஆகிறது. இருவருக்கும் குறைந்தது 2தான், ஆனால் தனிக் குழுவாகப் பார்த்தால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் அந்த 2-ஐ மூழ்கடித்துவிடும்.

அதனால் ஒவ்வொருவருக்கும் முன் கழித்தல் பின் என்று புது நெடுவரிசை போட்டு, அதை ஹிஸ்டோகிராமாக (எந்த அளவு எத்தனை பேருக்கு என்று காட்டும் பட்டைப் படம்) வரைந்து பாருங்கள். ஓரளவு சமச்சீராக, தனியே விலகி நிற்கும் எண் இல்லாமல் இருந்தால் பேர்டு டி-டெஸ்ட் (ஒரே ஆளின் இரண்டு அளவுகளை இணையாக வைத்து ஒப்பிடுவது) போதும். விலகிய எண்கள் இருந்தால் வில்காக்சன் சைன்டு ரேங்க் (வித்தியாசங்களைத் தரவரிசைப்படுத்தி ஒப்பிடும் இணைச் சோதனை) போடுங்கள், மான்-விட்னி வேண்டாம், அது தனிக் குழுக்களுக்கானது. பேர்டு டி-டெஸ்ட், வில்காக்சன் இரண்டையும் போட்டுப் பார்த்து சின்ன பி மதிப்பு வந்ததை மட்டும் எழுதுவது தவறு, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அப்புறம் ஒன்று: பயிற்சி செய்யாத ஒப்பீட்டுக் குழு உங்களிடம் இல்லை. வலி தானாகவே குறைந்திருக்கலாம், எந்த டெஸ்டும் அதைப் பிரித்துக் காட்டாது, ஆய்வறிக்கையில் அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.