வசந்த காலத்தில் மலை உச்சியில் உட்கார்ந்து பருந்து எண்ணுவது வெட்டி வேலை இல்லையா?

இல்லை. ஏப்ரலில், வலசை போகும் பருந்துகளை எண்ணும் இடமான அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஹாக் மவுண்டனுக்குப் போய், மூன்று மணி நேரத்தில் இரண்டே பருந்து பார்த்துவிட்டு, "இதை எண்ண ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார், எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி உட்காரும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நீங்கள் யாரோ எடுத்த செப்டம்பர் வீடியோவைப் பார்த்துவிட்டுப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இலையுதிர் காலத்தில் வடமேற்குக் காற்று மலைத்தொடரில் மோதி மேலெழும்பும். தெற்கே போகும் பறவைகள் அதில் ஏறி மலை முகட்டை ஒட்டியே வரும். அதனால் ஒரு பருவத்துக்குச் சராசரியாக 18,000 வரை எண்ணுகிறார்கள். வசந்தத்தில் அப்படி ஒரே வழியில் திரள்வதில்லை. ஊர், வயல், காடு என்று பரவலாக வடக்கே போகும். ஏப்ரல் 1 முதல் மே 15 வரை எண்ணினாலும் ஏறத்தாழ ஆயிரம்தான் தேறும்.

ஆனால் அந்த ஆயிரம் யார் என்று யோசியுங்கள். இலையுதிர் கூட்டத்தில் அந்த வருடம் பொரித்த குஞ்சுகள் நிறைய. அவற்றில் பல அடுத்த கோடையைப் பார்ப்பதில்லை. இங்கே வரும் ப்ராட்விங் என்ற சிறு பருந்து பெரும்பாலும் அரைக் கிலோகூட இருக்காது; தென் அமெரிக்கா வரை போய், மெக்சிகோ வழியாகத் திரும்பி வருகிறது. ஏப்ரலில் உங்கள் தலைக்கு மேல் போனது, குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்து, கூடு கட்டப் போகிற பறவை. அதைப் போய் "இரண்டே இரண்டு" என்று சொன்னது எனக்கு உறுத்தியது.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்த வருடம், ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் அவர்களையும் ஹாக் மவுண்டனில் நாங்கள் எண்ணும் வடக்கு உச்சிக்கு அழைத்துப் போனேன். பாறைப் பாதையில் மெதுவாக ஏறி, சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். மதியம் வரை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மணிக்கும் காற்று, மேகம், வெப்பம் எழுதி, பறவைக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தேன். நான் பைனாகுலரில் தெற்கே துழாவிக்கொண்டிருக்க, அம்மா வெறும் கண்ணால் மேலே காட்டி, "ஏய்யா, அங்க பாரு, எள்ளத் தூவுனாப்புல சுத்துது" என்றார்கள். சின்ன வயதில் கோழிக்குஞ்சுக்குக் காவல் இருந்த கண். நாங்கள் எல்லோரும் அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பறவைகளோ தலைக்கு நேர் மேலே, மேகத்தின் ஓரத்தில்.

வெப்பக் காற்றில் ப்ராட்விங்குகள் சுற்றிச் சுற்றி மேலே ஏறுவதை இங்கே கெட்டில் என்பார்கள். சுற்றும்போது எண்ணக் கூடாது, எண்ணினால் ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடுவோம். உச்சிக்குப் போனதும் சிறகை விரித்தபடி, அடிக்காமல், ஒன்றன் பின் ஒன்றாக வடக்கே நழுவும். அப்போது கையிலுள்ள கிளிக்கரை, அதாவது எண்ணும் கருவியை, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை அழுத்த வேண்டும். அன்றைக்கு 41. கடைசிப் பறவை தாழ்வாகப் போனது. வாலின் கறுப்பு வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரிந்ததால் முதிர்ந்தது என்று எழுதினேன். போன வருடக் குஞ்சுகளுக்கு இந்த அகலப் பட்டை இருக்காது. அவை மே மாதத்தில், இறகு உதிர்ந்த இடைவெளியோடு தாமதமாக வரும். இதை எல்லாம் எழுதுகிறோம், வெறும் தலை எண்ணிக்கை இல்லை.

உடனே ஒருவர் வந்து "ரேடார் இருக்கிறதே" என்று எழுதுவார். வானிலை ரேடார் பறவைக் கூட்டத்தைக் காட்டும். என்ன இனம், என்ன வயது என்று சொல்லாது. நான் விஞ்ஞானி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த மலையின் கதையைப் பாருங்கள். ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் இங்கே பருந்துகளைச் சுட்டுக் குவித்தார்கள். 1934-இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் ப்ரவுனைக் காவலுக்கு வைத்தார். ப்ரவுன் காவல் காத்ததோடு நிற்காமல் எண்ணவும் எண்ணினார். 1935 முதல் 1939 வரை அவர் கண்ட வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை 20 சதவீதம்தான். ரேச்சல் கார்சன் என்ற எழுத்தாளர் 1962-இல் டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகளின் கேடு பற்றி எழுதிய 'மௌன வசந்தம்' நூலில் இந்தக் கணக்கைச் சான்றாக வைத்தார். பத்து வருடம் கழித்து, 1972-இல், அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. ப்ரவுன் எண்ணியது இலையுதிர் காலத்தில்தான், தெரியும். ஆனால் வயதைப் பார்த்து எழுதும் பழக்கம் இல்லையென்றால் அந்தச் சரிவு யாருக்கும் தெரிந்திருக்காது. வசந்தத்திலும் நாங்கள் செய்வது அதே வேலைதான்.

விஷம் என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் குடியிருப்பில் எலிக்கு விஷப் பெட்டி வைக்கிறார்கள். எலி உடனே சாகாது. நாலைந்து நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்கிற ஆந்தைக்கும் பருந்துக்கும் விஷம் ஈரலில் சேரும். பைன் மரத்தடியில் செத்துக் கிடந்த ஆந்தையைப் படம் எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பினேன். "அனுமதி பெற்ற மருந்துதான்" என்று ஒரு வரி பதில், அவ்வளவுதான். குப்பைத் தொட்டிக்கு ஒழுங்கான மூடி போட்டாலே பாதி எலி போய்விடும். அதற்குக் காசில்லை, மாதாமாதம் விஷத்துக்கு மட்டும் இருக்கிறது. ஆந்தை எதனால் செத்தது என்று நிரூபித்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. குடியிருப்போர் கூட்டத்தில் நான் கேட்டது பெட்டியை எடுங்கள் என்று மட்டும்தான், அதற்குக்கூட ஒருவரும் கை தூக்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏப்ரல் மூன்றாவது, நான்காவது வாரத்தில், தெற்கிலிருந்து காற்று வீசும் வெதுவெதுப்பான நாளாகப் பார்த்துப் போங்கள். காலை பத்து மணிக்கு மேல் போனால் போதும், தரை சூடாக வேண்டும். கீழே எப்படி இருந்தாலும் மேலே குளிரும், ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். முழு நீல வானத்தில் உயரப் பறப்பது கண்ணுக்குச் சிக்காது, அங்கங்கே வெள்ளை மேகம் இருந்தால்தான் நல்லது. எண்ணுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கண்ணில் பட்டதை அவரிடம் சொல்லுங்கள். நாங்கள் தவற விடுவதும் உண்டு, சொன்னால் எழுதிக்கொள்வோம்.