பிக்கப்புக்கு எல்.ஈ.டி ஹெட்லைட் போடலாமா?

கேள்வி (ஒட்டன்சத்திரம் வாசகர்): சொந்தமாக ஒரு பொலிரோ பிக்கப் வைத்து நானே ஓட்டுகிறேன். ஏழு வருஷ வண்டி. ராத்திரியில் காய்கறி ஏற்றிக்கொண்டு பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போய் வருவேன். ஹெட்லைட் வெளிச்சம் பத்தவே மாட்டேன் என்கிறது. எதிரே வருகிற வண்டிகள் எல்லாம் வெள்ளை வெளேர் என்று அடிக்கின்றன, என் வண்டி மட்டும் சிம்னி விளக்கு மாதிரி மினுக்குகிறது. கடையில் கேட்டால், எச்4 ஹோல்டரிலேயே மாட்டுகிற எல்.ஈ.டி பல்பு இருக்கிறது, ஜோடி 3,800 ரூபாய், 200 வாட், 20,000 லூமென், ஒயரை வெட்ட வேண்டாம், பத்து நிமிஷ வேலை என்கிறார்கள். போடலாமா? எஃப்.சி-யில் தகராறு வருமா?

பதில்: போடாதீர்கள். அந்த 3,800 ரூபாயில் பாதிகூட ஆகாமல் உங்கள் வண்டியின் வெளிச்சத்தைக் கூட்ட வழி இருக்கிறது. முதலில் ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வண்டியில் இருக்கும் எச்4 ஹாலஜன் பல்பைக் கழற்றி (கண்ணாடியில் விரல் படாமல்) உற்றுப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் தெரியும். ஒன்று பிரைட்டுக்கு, 60 வாட். இன்னொன்று டிம்முக்கு, 55 வாட். டிம் இழைக்கு அடியில் மட்டும் சின்னக் கரண்டி போல ஒரு தகடு இருக்கும். அந்த இழையின் வெளிச்சம், பல்பைச் சுற்றிக் கிண்ணம் போலப் பளபளக்கும் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்குப் போகாமல் மறிப்பதுதான் அதன் வேலை. மேல்பாதியில் பட்ட வெளிச்சம் மட்டும் கீழ்நோக்கித் திரும்பி ரோட்டில் விழும். டிம் போட்டால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான். ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த இழை எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு பருமன் என்பதைக் கணக்கிட்டு அடிக்கப்பட்டது. வெளிச்சம் புறப்படும் இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளினாலே கணக்கு தப்பிவிடும்.

எல்.ஈ.டி பல்பில் இழை கிடையாது. ஒரு தகட்டின் இரு பக்கமும் ஒட்டிய சில்லுகள்தான். இழை எல்லாப் பக்கமும் வெளிச்சத்தை வீசும், சில்லு தன் முகம் பார்த்த பக்கம் மட்டும் வீசும். ஆகவே ரிஃப்ளெக்டரில் சில இடம் பளீரென்றும் சில இடம் இருட்டாகவும் இருக்கும். ரோட்டில் என்ன நடக்கும் தெரியுமா? பம்பருக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடி தூரம் பால் கொட்டினாற்போல வெள்ளையாக இருக்கும். டிரைவருக்கு அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிடும். ஆனால் கிட்டத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண் பாப்பா சுருங்கிக்கொள்ளும், தூரத்தில் இருப்பது முன்பைவிடக் குறைவாகத்தான் தெரியும். மாடு தூரத்தில் நிற்கிறது, பம்பருக்கு முன்னால் இல்லை. மிச்ச வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும். பொள்ளாச்சி ரோட்டில் உங்கள் கண்ணைக் கூசவைக்கிற வண்டிகளில் பல இப்படிப் பல்பு மாற்றியவையாகத்தான் இருக்கும்.

அடுத்து அந்த 20,000 லூமென் (பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு). ஐரோப்பிய விதிகளின்படி ஒரு சாதாரண எச்4 பல்பு டிம்மில் சுமார் 1,000 லூமென், பிரைட்டில் சுமார் 1,650 லூமென் தர வேண்டும். கடைக்காரர் சொல்வது உண்மையானால் ஜோடிக்குப் பத்து மடங்கு வெளிச்சம். நம்புகிற கணக்கா? 200 வாட் என்பதைக் கடையிலேயே சோதிக்கலாம். வண்டி ஓடும்போது மின்னழுத்தம் 13.5 வோல்ட் அளவில் இருக்கும். ஜோடிக்கு 200 வாட் என்றால் ஒவ்வொரு பல்பும் ஏழு ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் டி.சி கிளாம்ப் மீட்டர் இருந்தால் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வகைப் பல்புகள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆம்பியர்தான் காட்டும். அட்டைப்பெட்டியில் அச்சடிக்கிற எண்ணுக்கு யாரும் வரி கேட்பதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. எல்.ஈ.டி முன்பக்கம் சூடு வீசாது, சூடெல்லாம் பின்பக்கம் அடிப்பகுதியில் சேரும். அதைத் தணிக்கப் பின்னால் குட்டி ஃபேன் இருக்கும். அந்த ஃபேன் இடிப்பதால் ஹெட்லைட்டின் பின் ரப்பர் மூடி சரியாக உட்காராது. தூசியும் மழைத் தண்ணீரும் உள்ளே போய் ரிஃப்ளெக்டரைக் கெடுக்கும். ஃபேன் நின்றால் பல்பு மங்கிப் பிறகு அணைந்துவிடும். பல்புக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் மலிவானதாக இருந்தால் எஃப்.எம் ரேடியோவில் இரைச்சல் வருவதும் உண்டு.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவின் கீழ் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசவைக்காதபடி வெளிச்சம் கீழ்நோக்கி விழ வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 106 சொல்கிறது. உங்கள் வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டினால் எஃப்.சி ஆண்டுதோறும். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருமுறை பார்க்காமல் விட்டாலும் அடுத்த வருஷம் பார்ப்பார். எஃப்.சி அன்றைக்குப் பழைய பல்பை மாட்டிக்கொண்டு போகிறவர்களை எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் ராத்திரியில் கேரளாவுக்குள் போகிறவர், அங்கே மோட்டார் வாகனத் துறை லைட் விஷயத்தில் கறார்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் 2020-லிருந்து ஓஸ்ராம், அதற்குப் பின் பிலிப்ஸ் ஆகிய கம்பெனிகளின் சில எல்.ஈ.டி பல்புகளுக்கு அனுமதி இருக்கிறது. அதுவும் எல்லா வண்டிக்கும் இல்லை. எந்த மாடலின் ஹெட்லைட்டில் வைத்துச் சோதித்தார்களோ அந்த மாடலுக்கு மட்டும், பட்டியல் போட்டுத் தருகிறார்கள். அதே பிராண்டு பெயரைக் காட்டி ‘ஜெர்மனியில் அனுமதி பெற்ற பல்பு’ என்று இங்கே யாராவது விற்றால் ஏமாறாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், அல்லது எலக்ட்ரீஷியனிடம் போங்கள். இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். பேட்டரியில் எத்தனை வோல்ட், பல்பின் ஹோல்டரில் எத்தனை வோல்ட் என்று அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.5 இருந்து ஹோல்டரில் 12 மட்டும் வந்தால், ஒன்றரை வோல்ட்தானே போகட்டும் என்று நினைக்கத் தோன்றும். ஹாலஜனில் அப்படி விட முடியாது. மின்னழுத்தம் பத்துச் சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். அந்த ஒன்றரை வோல்ட்டில் உங்கள் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒயரிலேயே காலியாகிவிட்டது. மெல்லிசான பழைய ஒயர், கருகிய ஹோல்டர், துருப்பிடித்த எர்த் ஆகியவைதான் காரணம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாகப் பல்புக்குக் கொடுக்கிற கிட் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பீங்கான் ஹோல்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எர்த்தைச் சேசிஸில் சுரண்டிப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து ரிஃப்ளெக்டர். ஏழு வருஷத்தில் அதன் பளபளப்பு மங்கியிருக்கும், முன்பக்கமும் மஞ்சளடித்திருக்கும். மங்கிய ரிஃப்ளெக்டரைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, துடைத்தால் பூச்சுதான் போகும். முழு செட்டாகக் கம்பெனி அசலையே மாற்றுங்கள். முன் பிளாஸ்டிக் மட்டும் மஞ்சள் என்றால் பாலிஷ் போட்டால் ஓரளவு தெளியும்.

பல்பு மாற்றுவதானால் நல்ல பிராண்டில் அதே 60/55 வாட்டில் ‘கூடுதல் வெளிச்சம்’ வகை ஹாலஜன் வாங்கலாம். ஆயுள் கொஞ்சம் குறைவு, ஆனால் வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில் விழும். 100/90 வாட் பல்பு பக்கம் மட்டும் போகாதீர்கள். ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும், அதுவும் சட்டவிரோதம்தான்.

பிக்கப் வைத்திருப்பவர்கள் அதிகம் கவனிக்காத சங்கதி ஒன்று: லோடு. பின்பட்டை (பின் ஸ்பிரிங்) அமுங்கினால் வண்டியின் மூக்கு மேலே தூக்கும், லைட்டும் கூடவே தூக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 3 மீட்டர் என்று வையுங்கள். பின்னால் 6 சென்டிமீட்டர் அமுங்கினால் 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 1 மீட்டர் மேலே போய்விடும். நீங்கள் டிம்மில் போனாலும் எதிரே வருபவருக்கு அது பிரைட்தான். உங்கள் வெளிச்சமும் ரோட்டில் விழாமல் மரக்கிளையில் விழும். ‘வெளிச்சம் பத்தவில்லை’ என்கிற புகாரில் பாதி இதனால் வருவது.

ஆகவே வழக்கமான லோடு ஏற்றி, டயரில் காற்று சரிபார்த்து, சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹெட்லைட் நடுப்புள்ளியின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். இடது பக்கம் மட்டும் சற்று மேலேறும், அது ரோட்டோரம் நடந்து போகிறவரைக் காட்டுவதற்காக. சரியில்லை என்றால் ஹெட்லைட்டின் பின்னால் உள்ள திருகில் சரிசெய்யலாம். காலியாகத் திரும்பும்போது வெளிச்சம் கொஞ்சம் கிட்டத்தில் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஹெட்லைட் உருளை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. காலி வண்டியில் 0-வில் வைத்துச் செட் செய்துவிட்டு, லோடுக்குத் தக்கபடி உருட்டிக்கொள்ளலாம்.

கேள்வி (ஓசூர் வாசகர்): என்னுடையது வட்ட ஹெட்லைட் உள்ள பழைய பிக்கப். பல்பு மட்டும் இல்லாமல் முழு ஹெட்லைட்டே எல்.ஈ.டி-யாக ஆன்லைனில் வருகிறதே, அது பரவாயில்லையா?

பதில்: பல்பு மாற்றுவதைவிட இது நியாயமான யோசனை. சில்லும் லென்ஸும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்பட்டவை. ஆனால் சந்தையில் கிடக்கும் 7 அங்குல வட்ட ஹெட்லைட்டுகளில் நிறைய அமெரிக்க ஜீப்புகளைக் குறிவைத்துச் செய்தவை. அங்கே வண்டி ரோட்டின் வலது பக்கம் போகும், ஆகவே டிம் வெளிச்சத்தின் வலது ஓரம் மேலேறும். நம் ஊரில் அந்தப் பக்கம்தான் எதிர் வண்டி வருகிறது!

வாங்குமுன் கண்ணாடியில் உள்ள முத்திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் ஐரோப்பிய ஒப்புதல். இதிலே பார்க்க வேண்டியது பக்கத்தில் உள்ள அம்புக்குறி. ஹெட்லைட்டை எதிரே நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலது கைப்பக்கம் காட்டினால் நம்மைப் போல இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. இரண்டு பக்கமும் அம்பு இருந்தால் இரண்டுக்கும் ஆகும். அம்பே இல்லை என்றால் வலது பக்கம் ஓட்டும் நாட்டுச் சரக்கு, விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாததைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

ஒப்புதல் இருந்தாலும் 52-வது பிரிவு அப்படியேதான் இருக்கிறது, எனவே வாங்குமுன் ஆர்.டி.ஓ ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். கூரையில் எல்.ஈ.டி பார், பம்பரில் ஸ்பாட் லைட் என்கிற யோசனை ஏதும் இருந்தால் மறந்துவிடுங்கள். முன்பக்க ஸ்பாட் லைட்டை விதி 111 தடுக்கிறது.

கேள்வி (திருப்பூர் வாசகர்): போன மாதம் 4,200 ரூபாய்க்கு எல்.ஈ.டி பல்பு ஜோடி வாங்கி என் பிக்கப்பில் போட்டேன். மூன்றே வாரத்தில் ஒன்று அணைந்துவிட்டது. கடைக்காரர், எலக்ட்ரிக் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது, பில்லிலேயே போட்டிருக்கிறோம் என்கிறார். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். வாடகை ஓட்டுகிற வண்டிக்கு அதெல்லாம் செல்லாது என்று சிரிக்கிறார். உண்மையா?

பதில்: அவர் பாதி சட்டம் தெரிந்தவர். லாபத் தொழிலுக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது சரி. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் அந்தக் கணக்கில் வராது. நீங்களே ஓட்டிச் சம்பாதிக்கும் ஒற்றை வண்டி என்றால் நீங்கள் நுகர்வோர்தான். பத்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டினால் கடைக்காரர் பேச்சு எடுபடலாம்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரியும் பழுதான பொருளுக்கு உதவாது. பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. பில் தராமல் விடுவதும் அப்படித்தான். உங்களுக்கு 30 நாள் இன்னும் முடியவில்லை என்றால் இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலாவது. பல்பு, பெட்டி, பில் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். பெட்டியில் வாட், லூமென் என்று எழுதியதைப் படமெடுத்து வையுங்கள், அதுவும் சாட்சிதான்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பணம் திரும்பி வந்தால் அதே கடையில் வேறு ஜோடி பல்பு வாங்காமல், மேலே ஒட்டன்சத்திரம்காரருக்குச் சொன்ன ரிலே கிட்டைப் போடுங்கள்.