புது லெப்டொப் இப்போது வேண்டாம், தங்கச்சி

களுவாஞ்சிகுடியிலிருந்து வந்து நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: ஏ.எல். படிக்கிற மகன் 'கேம் டிசைன் பண்ணப் போறன்' என்று புது லெப்டொப் கேட்கிறான், நகையை அடகு வைத்தாவது வாங்கிக் கொடுக்கவா?

வைக்க வேண்டாம். அவன் ஆசைப்படுவது அன்ரியல் என்ஜின் 5, விளையாட்டுகளைச் செய்கிற பெரிய மென்பொருள். அதைச் செய்தவர்களே 32 ஜிபி ராம் இருந்தால் நல்லது என்கிறார்கள். வீட்டிலுள்ள 8 ஜிபி மெஷின் மூச்சுத் திணறும், உண்மைதான். ஆனால் லெவல், அதாவது ஆள் நடந்து விளையாடுகிற இடம், கட்டிப் பழக அன்ரியல் எதற்கு? ட்ரெஞ்ச்புரூம் இலவசம். 1996இல் வந்த குவேக் போன்ற விளையாட்டுகளுக்குச் சுவர், படி, அறை என்று கட்டைகளை அடுக்கி இடம் கட்டுகிற கருவி. பழைய கணினியிலும் ஓடும். பொருட்களின் உருவம் செய்ய பிளெண்டர், அதுவும் இலவசம்.

மகனிடம் ஒரு வேலை கொடுங்கள். நம் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டட்டும். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. நாலு கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. நிறம் வேண்டாம், துவக்கு வேண்டாம், வெறும் சாம்பல் சுவர் போதும். குவேக்கில் ஆளின் உயரம் 56 அலகு. 18 அலகுப் படி வரை நடந்தே ஏறுவான். 20 வைத்தால் படியடியில் முட்டிக்கொண்டு நிற்பான். இந்த அளவுக் கணக்கு கைக்கு வந்தால்தான் லெவல் வரும்.

கட்டி முடித்ததும் தங்கையைக் கதிரையில் இருத்தி விளையாட விடட்டும். அவன் பின்னால் நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. (இதுதான் அவனுக்குக் கஷ்டம்!) அவள் எங்கே வழி தெரியாமல் சுற்றுகிறாளோ, அங்கே வாசலைப் பெருப்பிக்கலாம், ஒரு விளக்கு வைக்கலாம். தொழிலே இதுதான்.

சரி, வேலை? மட்டக்களப்பில் லெவல் டிசைனர் என்று விளம்பரம் வரும் என நான் பொய் சொல்ல மாட்டேன். வெளிநாட்டுக் குழுக்களோடு இணையத்தில் வேலை செய்ய ஆங்கிலமும், விளையாடிப் பார்க்கக்கூடிய இரண்டு மூன்று லெவல்களும் வேண்டும். அதனால் ஏ.எல்.லை விடக் கூடாது. தொழில்நுட்பப் பிரிவுதானே, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) பட்டப்படிப்பு இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்கிற டிப்ளோமாத் துண்டுப்பிரசுரங்களை அடுப்பு மூட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டை பாதியில் நின்றாலும் பென் டிரைவில் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். லெப்டொப் கதையை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.