கத்தி தீட்டும் செட் சரியில்லை, கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்: என்ன செய்யலாம்?

கேள்வி: நான் கொட்டகலையில் இருக்கிறேன். வீட்டில் இருந்தே ஓர்டருக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். கோணம் வைத்துக் கத்தி தீட்டும் செட் ஒன்றைக் கண்டி டவுனில் 14,500 ரூபாவுக்கு வாங்கிப் பத்துக் கிழமை ஆகிறது. வாங்க முதல், சமையல் கத்தியோடு அப்பாவின் கவ்வாத்துக் கத்தியையும் (தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் வளைந்த கத்தி) தீட்ட வேண்டும், எது நல்லது என்று கடைக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். "எந்தக் கத்தியும் பிடிக்கும், இதையே எடுங்க மிஸ்" என்று பதில் போட்டார்கள். கவ்வாத்துக் கத்தியை அதன் கிளாம்ப் பிடிக்கவே இல்லை. எட்டு அங்குலச் சமையல் கத்தியை 20 பாகையில் வைத்துத் தீட்டினேன். கூர் விளிம்பை ஒட்டிக் கல் தீட்டிய சரிவு நுனிப்பக்கம் அகன்றுவிட்டது. கத்தி இரண்டு தரம் வழுக்கி அலகெல்லாம் கீறல். பெட்டியில் "நுனி முதல் அடி வரை ஒரே கோணம்" என்று போட்டிருக்கிறது. கடைக்காரரோ, "பாவித்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம், பிழை உங்களுடையது" என்கிறார். "விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது" என்று பில்லிலும் அச்சடித்திருக்கிறது. செட்டின் காசையும் புதுக் கத்தியின் விலையையும் கேட்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, செட்டின் காசைக் கேட்க உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. புதுக் கத்தியின் விலை கிடைப்பது கடினம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உடனே கவனிக்க வேண்டியவை இரண்டு.

அந்தச் சமையல் கத்தியை இனித் தீட்டாதீர்கள், சாணை பிடிக்க வேறு யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம். எது எப்படிப் பிழைத்தது என்பதைக் காட்டும் சான்று அந்தச் சரிவில்தான் இருக்கிறது. ஒரு தரம் தீட்டினாலே அது அழிந்துவிடும்.

அடுத்தது நாள் கணக்கு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, அந்த அதிகாரசபைக்கு முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். குறை தெரிய வந்த நாளில் இருந்தல்ல, விற்ற நாளில் இருந்து எண்ணுவார்கள். உங்களுக்கு ஏறக்குறைய மூன்று கிழமைதான் மிச்சம். கடைக்காரர் "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று இழுத்தடித்தால், அந்த நாட்களும் உங்கள் கணக்கில்தான் கழியும்.

பில்லில் உள்ள வசனத்துக்குப் பயப்பட வேண்டாம். வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ (வாயால் சொல்லாமலே அடங்கியதாகவோ) கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் பொருந்தாவிட்டால் முறையிடலாம் என்று சட்டம் சொல்லும்போது, பில்லின் அடியில் ஒரு வரியை அச்சடித்து அந்த உரிமையைப் பறிக்க முடியாது. விசாரணையில் உங்கள் பக்கம் நியாயம் என்று கண்டால் காசைத் திருப்பிக் கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, நட்டஈடு கட்டவோ அதிகாரசபை கட்டளையிடலாம். அந்தப் பில்லில் திகதியும் விலையும் இருக்கிறது. பத்திரமாக வையுங்கள்.

உங்கள் கையில் உள்ள பலமான துரும்பு கவ்வாத்துக் கத்திதான். நீங்கள் இதை ஒரு பக்கக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். முறைப்பாட்டில் இதை முதலில் எழுதுங்கள். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, இன்ன தேவைக்கு வேண்டும் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது உட்கிடையான நிபந்தனை. ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி நீங்களே கேட்டு வாங்கியிருந்தால் இந்த வாதம் எடுபடாது. நீங்கள் தேவையைச் சொன்னீர்கள், செட்டைத் தெரிவு செய்தது கடை. அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கடையின் இலக்கமும் திகதியும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷொட் எடுத்து அச்சிடுங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் இத்தகைய பதிவுகளைச் சான்றாக ஏற்கலாம்.

கவ்வாத்துக் கத்தியின் முதுகு தடிப்பானது, அலகு வளைந்தது. சமையலறைக் கத்திக்கென்று செய்த கிளாம்பின் தாடை அந்த அளவுக்கு விரியாது, விரிந்தாலும் வளைவில் ஒரு புள்ளியில்தான் கவ்வும். தாடை முழுதாக விரிந்தால் எத்தனை மில்லிமீற்றர், கத்தியின் முதுகு எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து, இரண்டையும் ஒரே படத்தில் ரூலரோடு எடுங்கள். அந்த ஒரு படம் போதும்.

இனிச் சமையல் கத்தி. இதில் உண்மை இரண்டு பக்கமும் இருக்கிறது. உங்கள் செட் கத்தியின் முதுகைக் கவ்வி, கல் பூட்டிய கம்பியைப் பின்னால் உள்ள தூணில் மூட்டி ஆட்டும் வகை என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. இந்த வகையில் கோணத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: கத்தியின் மட்டத்தில் இருந்து மூட்டின் உயரம், மூட்டில் இருந்து கூர் விளிம்புக்கு உள்ள தூரம். தூரம் 150 மில்லிமீற்றர், உயரம் ஏறக்குறைய 54.6 மில்லிமீற்றர் என்றால் கோணம் 20 பாகை. உயரத்தை மாற்றாமல் 20 மில்லிமீற்றர் கூடுதல் அகலமான கத்தியைப் பூட்டினால் தூரம் 170 ஆகும், கோணம் 18 பாகைக்குச் சற்றுக் கீழே இறங்கும். தூணில் எழுதிய எண்ணோ 20 ஆகவே இருக்கும். கல்லின் தடிப்பும் கணக்கில் வரும். கரடான கல்லை விட நுண்ணிய கல் 3 மில்லிமீற்றர் தடிப்பாக இருந்தால், இந்தத் தூரத்தில் சுமார் 1 பாகை குறையும். அப்போது நுண்ணிய கல் சரிவின் மேல்தோளை (சரிவு அலகோடு சேரும் ஓரத்தை) மினுக்குமே தவிர, கூர் விளிம்பைத் தொடாது.

நேரான விளிம்பில் கோணம் மாறாது. நுனிப்பக்கம் வளைகிற கத்தியில்தான் மாறும். கிளாம்பை அடிப்பக்கம் அதிகம் தள்ளிப் பூட்டினால் நுனி மூட்டுக்குத் தூரமாகிறது, கோணம் சிறுக்கிறது, சரிவு அகலுகிறது. உங்கள் கத்தியில் நடந்தது இதுதான். கிளாம்பைச் சில சென்ரிமீற்றர் நுனிப்பக்கம் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். ஆகவே "பிழை உங்களுடையது" என்று கடைக்காரர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கிளாம்பை எங்கே பூட்ட வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரியாவது இருக்கிறதா? அது இல்லாமல், நுனி முதல் அடி வரை ஒரே கோணம் என்று மட்டும் பெட்டியில் போட்டிருந்தால், பிழை உங்களோடு நிற்காது. தவறாக வழிநடத்தும் நடத்தையைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவும் பொய்யான எடுத்துரைப்பை 31 ஆம் பிரிவும் தடுக்கின்றன. பெட்டியை எறிந்துவிடாதீர்கள். கையேட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள்.

அளந்து காட்ட விலை கூடிய கருவி தேவையில்லை. கத்தியைத் தீட்டியபோது பூட்டிய அதே இடத்தில் பூட்டுங்கள், கல்லை மட்டும் ஓட்டாதீர்கள். உயரத்தையும் தூரத்தையும் ரூலரால் அளந்து, உயரத்தைத் தூரத்தால் வகுத்து, போன் கல்குலேட்டரில் தலைகீழ் டான்ஜன்ட் (tan⁻¹) போட்டால் பாகை வந்துவிடும். சரிவின் அகலத்தை அடி, நடு, நுனி என்று மூன்று இடத்தில் படம் எடுங்கள். சரிவில் மார்க்கர் பூசிக் கல்லை ஓட்டிப் பார்க்கும் சோதனையை இந்தக் கத்தியில் செய்ய வேண்டாம். வீட்டில் பழைய கத்தி இருந்தால் அதில் செய்து காட்டலாம். மை கூர் விளிம்பில் எஞ்சினால் கோணம் குறைவு, மேல்தோளில் எஞ்சினால் கோணம் அதிகம்.

கீறல்களைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முதுகுப் பக்கம் தாடை இருந்த இடத்தில் தொடங்கி ஒரே திசையில் நீளும் கீறல் கிளாம்ப் வழுக்கியதால் வந்தது. தாடையின் றப்பர் கழன்றிருந்தாலோ, திருகு இறுக்கியும் தாடை ஆடினாலோ அது பொருளின் குறை. அலகின் நடுவில் திசையில்லாமல் சிதறிக் கிடக்கும் மெல்லிய கீறல்கள் கல்லில் இருந்து உதிர்ந்த தூள் உராய்ந்ததால் வருபவை. அலகில் மாஸ்கிங் டேப் ஒட்டித் தீட்டியிருந்தால் அவை வந்திரா. அதைக் கடையின் தலையில் கட்ட முடியாது, கட்டப் பார்த்தால் மற்ற நல்ல வாதங்களும் பலவீனப்படும்.

புதுக் கத்தியின் விலை கிடைப்பது கடினம் என்று சொன்னதற்குக் காரணம் இது. முதல் தரம் வழுக்கியபோதே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. மேலும் உங்கள் கத்தி நாசமாகவில்லை. சரிவைத் திருத்தித் தீட்டினால் மீண்டும் வேலை செய்யும். எனவே திருத்தும் கூலியைக் கேளுங்கள். சாணை பிடிப்பவர் ஒருவரிடம் கத்தியைக் காட்டி மட்டும், கூலி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

முதலில் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். வாங்கிய திகதி, விலை, வாட்ஸ்அப் பதில், கவ்வாத்துக் கத்தியின் அளவு, நீங்கள் கேட்பது, பதில் தர 7 நாள், இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். தபால் துண்டைப் பில்லோடு வையுங்கள். எட்டாம் நாள், பதில் வந்தாலும் வராவிட்டாலும், காசு கைக்கு வரவில்லை என்றால் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். கச்சேரியில் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தை விசாரிக்கலாம், 1977 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். தொலைபேசியில் சொன்னது போதாது, எழுத்து வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். தமிழும் அரச கரும மொழிதான், பதிலையும் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுத ஆள் தேடி நாளை வீணாக்க வேண்டாம்.

மத்தியஸ்த சபையும் ஒரு வழி. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, சட்டத்தரணி தேவையில்லை. ஆனால் அங்கே போனாலும் மூன்று மாதக் கணக்கு நிற்காது. முறைப்பாட்டை முதலில் கொடுங்கள்.

விசாரணைக்குக் கத்திகளைக் கொண்டுபோகச் சொன்னால் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். கூர் விளிம்பை மட்டையால் மூடி, டேப் சுற்றி, செட்டின் பெட்டிக்குள் வைத்து, பில்லையும் விசாரணைக் கடிதத்தையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். வழியில் பொலிஸார் கேட்டால் காரணம் கையில் இருக்கும்.

கடைக்காரர் இடையில் இறங்கி வந்து வேறு செட் தருகிறேன் என்றால், இரண்டு கத்தியையும் கடையிலேயே பூட்டிப் பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம். "எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளை நீட்டினால், திருத்தும் கூலி கைக்கு வரும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.